கடைசிச் சீட்டுக்காரன்

படுக்கையறை ஹீட்டரை வெடிக்கவைத்தவன் நான்தான். என் மனைவி சுஜீவா இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைப்பதற்காக ஹம்பேர்க் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கிழமை அது. ஆளில்லாத அறைக்குச் சூடு எதற்கென்று ஹீட்டரை முழுக்க நிப்பாட்டினேன். பூஞ்சணம் பிடிக்கக் கூடாதென்று ஜன்னலையும் சரித்துத் திறந்துவிட்டேன். வெளியே கடும் உறைபனி. ஹீட்டருக்குள் ஓடும் தண்ணீர் உறைந்து அதைப் பிளந்து, எங்கள் மெத்தையையும் கீழ்வீட்டு ஜேர்மன்காரியின் கூரையையும் பாரபட்சமில்லாமல் நனைத்தது. இப்படியானவற்றுக்கென்றே இருந்த காப்புறுதியைப் போன வருஷம்தான் வீண்செலவென்று வெட்டியிருந்தேன்.

வீட்டுக்கு வந்த சுஜீவா மெத்தையில்லாத கட்டிலைப் பார்த்தாள். "சரி, விடுங்கோ," என்றாள். ஏசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் கஞ்சனில்லை, பயந்தவன். கஞ்சனுக்குக் காசைப் பார்த்தால் சந்தோஷமாவது வரும். எனக்கு அதுவும் வராது. ஒரு பையோடு இந்த நாட்டில் இறங்கி, அகதி முகாமில் ஆரோ கழித்த கோட்டைப் போட்டு நடந்தவன். எல்லாம் திரும்பவும் போய்விடும் என்று அன்றிலிருந்து ஆயத்தமாக இருக்கிறேன். இதுவரை போனது எங்கள் வயசு மட்டும்தான்.

டொக்டர் அவளை வடகடல் பக்கத்துச் சுகநிலையம் ஒன்றில் மூன்று கிழமை தங்கி உடம்பு தேறச் சொன்னார். அவளுக்கு இன்ஷூரன்ஸ் கட்டும். கூடப் போகிறவர் தன் செலவைத் தானே பார்க்க வேண்டும்.

"நானும் வரத்தான் வேணுமோ?" என்று கேட்டேன். என் கேள்விகளுக்குள்ளேயே 'வேண்டாம்' என்ற பதில் தயாராக இருக்கும்.

"உங்கட விருப்பம்."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இதே பதில்தான். அவளும் என்னைப்போலச் சிக்கனக்காரி என்று வெளியில் பெருமையடித்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவள் அந்த இடத்துக்குப் போன் எடுத்துப் பேசுவது கேட்டது. தனக்குத் தெரிந்த ஜேர்மனில், கட்டிலுக்குப் பக்கத்தில் மணி இருக்குமா, அடித்தால் உடனே ஆள் வருமா என்று கேட்டாள். அவர்கள் ஏதோ சொன்னார்கள். திரும்பவும் அதையே கேட்டாள்.

நான் பல்கனிக்குப் போய் இராசலிங்கத்துக்குப் போன் எடுத்தேன். எங்களுக்குள் சீட்டுப் பிடிக்கிறவன் அவன்தான். மாதாமாதம் எல்லோரும் காசு போடுவோம். அவசரக்காரன் கழிவு கூறி, அதாவது ஒரு பகுதியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து, மிச்சத்தை எடுத்துக்கொண்டு போவான். நான் எப்போதும் கடைசி ஆள். கழிவில்லாமல் முழுசாக எடுக்கிறவன். கையிலிருந்தது திருத்தவேலைக்குப் போய்விட்டது. பாங்கில் இருப்பதை நானே தொட ஏலாதபடி வருஷக்கணக்கில் பூட்டிவைத்திருக்கிறேன். மிஞ்சியது சீட்டுத்தான்.

"இந்த மாதச் சீட்டை எனக்குத் தா. கழிவு எவ்வளவு போனாலும் பரவாயில்லை."

இராசலிங்கம் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, அக்காவுக்கு ஏதும்..."

"அவ இருக்கிறா."

"இருக்கிறாவோ? பிறகேன் எடுக்கிறியள்?"

"இருக்கிறபடியால்தான்."

"குடிச்சிருக்கிறியளோ?"

"நீ வாங்கித் தந்தால் குடிப்பன்."

அவன் சிரிக்கவில்லை. "நாளைக்கே கொண்டுவாறன்," என்றான்.

காசு வந்ததும் அங்கே அவளுடைய அறையில் எனக்கும் ஒரு கட்டில் பதிந்தேன். கார்ட் நம்பரை இரண்டு தடவை பிழையாக அடித்தேன். சுஜீவா பெட்டிக்குள் கம்பளிச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கை நின்றது.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"வேண்டாமெண்டால் வெள்ளிக்கிழமைக்குள்ள நிப்பாட்டலாம், காசு திரும்பி வரும்," என்றேன். "உண்மையைச் சொல்லும் சுஜி. நான் வாறது உமக்கு வேணுமோ?"

வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தேன். அது வந்திருந்தால் நான் நிப்பாட்டியும் இருப்பேன்.

அவள் கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"வேணும்," என்றாள். "இவ்வளவு காலமும் எல்லாம் வேணும் எண்டுதான் இருந்தது. நீங்கள் அந்தப் பயந்த முகத்தோட கேக்கேக்க எனக்குச் சொல்ல ஏலாமப் போச்சு. இப்ப நான் பயந்துபோய் இருக்கிறன். என்னோட வாங்கோ."