நாற்பத்திரண்டாவது ஆள்

மரணத்தை வெல்லும் வல்லமை இந்த உலகத்தில் கலைக்கு மட்டுமே உண்டு. மரிய ஆனந்த் இதை அதியமான்கோட்டையில் தன் வீட்டு ஹாலில், பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அறிவித்தான். அறிவித்த வேகத்தில் பிரஷ் வழுக்கி, கட்டைவிரல் உயரப் பொம்மையின் வலது கண் கன்னத்துக்கு இறங்கிவிட்டது.

“போச்சா?” என்றாள் மனைவி ஜோஸ்பின்.

“பேசாத. உன் மூச்சுக் காத்து பட்டாலே கோடு ஆடுது.”

அவன் விசிட்டிங் கார்டில் ‘சர்வதேச சிற்றுருவ ஓவியர்’ என்று போட்டிருக்கும். சர்வதேசம் என்பது பெங்களூர். அங்கே மேஜைமேல் போர் விளையாட்டு ஆடும் சாஃப்ட்வேர்காரர்களுக்கு பூதம், குதிரைவீரன், எலும்புக்கூடு என்று பெயிண்ட் அடித்து அனுப்புவான். ஒரு பூதத்துக்கு ஒரு வாரம். பெங்களூர்க்காரர்கள் பொறுமைசாலிகள்.

இந்த வேலை அப்படியல்ல. சாலைப் பாதுகாப்பு வாரத்துக்காக ஒரு துறை கண்காட்சி வைக்கிறது. ஹைவேயில் ஒரு வளைவு. அதன் மாதிரி ஆறடி மேஜையில் வரும். ஐந்து வருஷத்தில் அந்த வளைவில் செத்தவர்கள் நாற்பத்தொரு பேர். ஆளுக்கொரு பொம்மை சாலையோரம் நிற்கும். செலவு பார்த்து ஓசூரில் ஒரே அச்சில் அடித்து அனுப்பியிருந்தார்கள்: கழுத்திலிருந்து கால்வரை எதையோ போர்த்திய ஓர் ஆள். அது ஆணா பெண்ணா, லுங்கியா சேலையா என்பதைப் பெயிண்ட்தான் சொல்ல வேண்டும். கூடவே ஒரு லிஸ்ட்: பெயர், வயது, பிணப் பரிசோதனை அறிக்கையில் இருந்த உடை.

லிஸ்ட் வந்த அன்றே ஜோஸ்பின் அதை மூன்று தடவை படித்தாள். ஆண்டோ இல்லை.

ஆண்டோ அவள் தம்பி. போன வருஷம் அதே வளைவில் லாரி தட்டி விழுந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. அவனையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி, கண்காட்சி வைக்கும் அதே துறையின் ஆபீசுக்கு அவள் மூன்று முறை நடந்திருந்தாள். அங்கே உதவியாளர் பச்சியப்பன் தன்மையாகத்தான் சொன்னார்: “உங்க தம்பி ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் இருந்துதான் போனாருங்க. எங்களுக்கு ஸ்பாட் மட்டும்தான் கணக்குங்க. அங்கயே போயிருந்தா சேத்திருப்போம்.”

இரண்டு நாள் உயிரோடு இருந்தது அவன் தப்பு.

ஓசூர் பையில் உடைஞ்சா கெட்டுப்போனா ஆகட்டும் என்று இரண்டு பொம்மை கூடுதலாக வந்திருந்தன. அதில் ஒன்றை ஜோஸ்பின் தையல் பெட்டிக்குள் எடுத்து வைத்தாள். ஆண்டோ அந்த மேஜையில் நிற்க வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் முதலில் மற்ற நாற்பத்தொன்றும் மேஜை ஏற வேண்டுமே. மூன்று நாளில் முடிந்தது இரண்டரைப் பொம்மை. மிச்சம் நாலு நாள்.

“இப்புடிப் போனா கண்காட்சி முடிஞ்சுதாங்க நீங்க பத்தாவது ஆளுக்கு வருவீங்க.”

“ஒவ்வொரு முகமும் ஒரு காவியம் ஜோஸ்பின்.”

“காவியத்த அப்பறம் எழுதலாம். நவுருங்க.”

அவள் ஓசூர் கார்மெண்ட்ஸில் பத்து வருஷம் இருந்தவள். அங்கே யாரும் ஒரு சட்டையை முழுசாகத் தைப்பதில்லை. ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பட்டன். மரச் சட்டத்தில் பத்துப் பத்துப் பொம்மையாகப் பசை வைத்து ஒட்டினாள். மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் எல்லாவற்றுக்கும் கறுப்பு ஸ்பிரே. காய்ந்ததும் வெள்ளை ஸ்பிரே, அதுவும் தலைக்கு மேலிருந்து மட்டும். வெயில் படும் இடம் வெளுத்து, மடிப்புக்குள் கறுப்பு தங்கி, நிழல் தானாக விழுந்தது. மரிய ஆனந்த் ஒரு நிழலுக்கு அரை நாள் எடுப்பான்.

அப்புறம் பெயிண்ட்டை மோர்ப் பதத்துக்குக் கரைத்து ஒரு நிறம் எடுத்தால் அந்த நிறம் உள்ள அத்தனை பேருக்கும் அடித்துவிட்டுத்தான் அடுத்த நிறம். வெள்ளை வேட்டி பதினொரு பேர். லுங்கி ஒன்பது. காக்கி நாலு. அதன்மேல் பழுப்பு மையைத் தண்ணியாக்கி ஊற்றியதும் அது தானே ஓடி மடிப்புகளில் உட்கார்ந்தது. மிச்சத்தைத் துணியால் ஒற்றினாள். கடைசியில் பழைய பவுடர் பிரஷை வெளிர் நிறத்தில் தொட்டு, பேப்பரில் தேய்த்துத் தேய்த்து ஏறக்குறைய காயவைத்து, மேடான இடங்களில் மட்டும் லேசாக ஓட்டினாள். துணி துணியாகவே தெரிந்தது.

“கண்ணு?” என்றான் மரிய ஆனந்த்.

“மூணடி தள்ளி நின்னு பாக்கறவங்களுக்குக் கண்ணு எங்கங்க தெரியும்? புருவத்துக்குக் கீழ கறுப்பு தங்கியிருக்குது பாருங்க. போதும்.”

“இது கலை இல்ல. கம்பெனி.”

“செத்தவங்களும் பத்துப் பத்தாத்தான வர்றாங்க.”

அவன் ஆண்களின் முகத்துக்கு ‘இறுதித் தீட்டல்’ மட்டும் தன் கையால்தான் என்று பிடிவாதம் பிடித்தான். அது கலைஞனின் கையெழுத்தாம். சரி என்று விட்டாள்.

நாற்பத்தொன்றும் முடிந்த மதியம், அவன் கடைக்குப் போயிருந்தபோது, தையல் பெட்டியிலிருந்து ஆண்டோவை எடுத்தாள். அவனைச் சட்டத்தில் ஒட்டவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள். நீலக் கட்டங்களை ஊசி முனையால் இழுத்தாள். பல் குத்தும் குச்சியால் இரண்டு கண்ணும் வைத்தாள். ஒருமணி நேரத்துக்குமேல் ஆனது. ஆஸ்பத்திரியில் அவன் கண் திறக்கவே இல்லை.

திறப்பு விழா அன்று காலை மேஜையில் எல்லோரையும் நட்டுவைத்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஜோஸ்பின் ஆண்டோவையும் விளிம்போரம் நட்டாள். பச்சியப்பன் லிஸ்ட்டோடு வந்து விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“ஒண்ணு அதிகமா இருக்குதே.”

மரிய ஆனந்துக்கு விஷயம் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவனுக்கு இல்லை. “அது குறியீடுங்க சார். பேர் தெரியாத எல்லாருக்குமான குறியீடு.”

“குறியீட்டுக்கெல்லாம் ஆர்டர் இல்லீங்க. பேப்பர்ல நாப்பத்தொண்ணு. அய்யா படிக்கறதும் நாப்பத்தொண்ணு. பத்திரிகைக்காரன் எண்ணிப்புட்டான்னா?”

குனிந்தார். மேஜையின் நடுவில் இருந்தவை கைக்கு எட்டவில்லை. விளிம்போரம் மஞ்சள் சேலை ஒன்று. அதற்கடுத்து நீலக் கட்டம்.

லிஸ்ட்டில் பதினேழாவது: தீர்த்தம்மாள், ஐம்பத்திரண்டு, மஞ்சள் சேலை. ஜோஸ்பினுக்கு நாற்பத்தொன்றும் மனப்பாடம். ‘அது இல்லீங்க’ என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ‘அப்ப எது?’ என்பார். வாயை மூடிக்கொண்டாள்.

பச்சியப்பன் மஞ்சள் சேலையைப் பிடுங்கி, பேனாவுக்குப் பக்கத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பெரிய அதிகாரி வந்தார். ரிப்பனை வெட்டினார். “ஒவ்வொரு உயிரும் எங்களுக்கு முக்கியம்,” என்று எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்தார். கத்தரிக்கோல் வைத்த தட்டு வந்து போன நேரத்தையும் சேர்த்து ஆறு நிமிஷம். ஆண்டோ சாலையோரம் கண் திறந்து நின்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ஜோஸ்பினும் தட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் தயங்கித் தயங்கி மேஜைக்கு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். காலேஜ் பேக்கைத் தோளில் மாட்டியிருந்தாள்.

“அக்கா, நீங்கதான் பெயிண்ட் பண்ணீங்களாமே. நான் கவிப்பிரியா. மாரண்டஹள்ளிலருந்து வரேன். லெட்டர் போட்டிருந்தாங்க, அம்மாவுக்கும் வெச்சிருக்குதுன்னு.”

“அம்மா பேரு?”

“தீர்த்தம்மாள். அன்னிக்கு மஞ்சச் சேலைதாங்க்கா. நான் எடுத்துக் குடுத்தது.”

பச்சியப்பன் வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். மேஜையில் மஞ்சளாக ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஜோஸ்பின் அதைக் காட்டினாள்.

“இதாங்க.”

கவிப்பிரியா குனிந்து பார்த்தாள். “முகம் சரியாத் தெரியல. ஆனா நிக்கற தோரணை அப்படியே அம்மாதாங்க்கா.” போனை எடுத்து அருகில் வைத்து நாலைந்து படம் பிடித்தாள். ஜோஸ்பினின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அண்ணனுக்கு அனுப்ப வேண்டும், அவர் துபாயில் இருக்கிறார், பெரிசு பண்ணிப் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அது லிஸ்ட்டில் முப்பதாவது ஆள், பழநிக்கு நடந்து போனவர், மஞ்சள் வேட்டி, மஞ்சள் துண்டு. மரிய ஆனந்த் அவருக்கு மீசை வைத்திருந்தான்.