ஈஸ்டருக்கு முன் ஆறு பாடங்கள்

பனிச்சறுக்கு வருமா என்று என் காதலன் ஸிந்த்ரே கேட்டபோது, "ஓரளவுக்கு" என்று சொல்லிவிட்டேன். நான் வளர்ந்த தீவில் குளிர்காலம் முழுக்க மழைதான். ஈஸ்டருக்கு அவன் குடும்பமே மலைவீட்டுக்குப் போகும். கார் நிற்கும் இடத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர், சறுக்குக்கட்டைகளில். அவன் அம்மாவைத் தவிர மற்றவர்கள் என்னை முதன்முதலாகப் பார்க்கப்போவது அன்றுதான்.

ரகசியமாகச் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை அஸ்லௌக் முதல் காரியமாக, கையில் ஊன்றிக்கொள்ளும் எங்கள் கோல்களைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இருந்தா அதுமேலயே சாஞ்சுப்பீங்க. கால் கத்துக்கட்டும்."

மூன்றாவது அடியில் முன்னால் நின்ற சிவப்புக் குல்லாய்மேல் போய் விழுந்தேன். குல்லாய் திரும்பியது. ஸிந்த்ரேயின் அம்மா, போர்கில்.

"நீயா ஸிவ்? ஓரளவுக்கு வரும்னானே எம்பையன்!"

"நீங்க எப்படி இங்க?"

"இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் கட்டைமேல நிக்கவே பயம். தெரிஞ்சா என்னை வீட்லயே உக்கார வெச்சிடுவானுங்க. மூச்சு விடாதே."

"நீங்களும் விடாதீங்க."

ஒவ்வொரு வாரமும் பாடம் முடிந்ததும், பனியில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சைப் பங்குபோட்டுக்கொண்டோம். சமதளம் எனக்குப் பழகிவிட்டது. இறக்கம்தான் வரவில்லை. ஆறாவது பாடத்தில் போர்கில் சர்ரென்று இறங்கிப்போக, நான் கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே இறங்கினேன்.

ஈஸ்டர் வந்தது. எல்லோரும் கட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஸிந்த்ரே பக்கம் திரும்பினேன். அதற்குள் போர்கில் முனகினாள்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சுடா. நீங்கல்லாம் முன்னாடி போங்க. ஸிவ் என்கூட மெதுவா வரட்டும்."

"பாவம் ஸிவ், நீ பறந்துடுவே. அம்மாவோட ஆமை வேகத்துல வரணும்," என்றான் ஸிந்த்ரே.

மூன்று மணிநேரம் போனோம். கடைசி மேட்டின்மேல் நின்றபோது கீழே மலைவீட்டுக் கூரையில் புகை தெரிந்தது. நடுவில் ஒரே நீள இறக்கம். போர்கில் சறுக்கி இறங்கி, அடியில் நின்று கைகளை விரித்தாள்.

"வா! விழறதா இருந்தா என்மேல விழு!"

"உங்க இடுப்பு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்கு. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே!"

தூரத்தில், வீட்டு வாசலில் ஸிந்த்ரே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் முழங்கால்களை மடக்கிக் கிளம்பினேன்.