‘காலி’ என்ற சொல் இல்லாத கடிதம்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் நான்கு முறை எழுதிப் பார்த்தேன், நான்கு முறையும் இந்த உண்மை மெல்ல நழுவிக் கடைசிப் பக்கத்துக்குப் போய் ஒளிந்துகொண்டது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “மாடிவீட்டுச் சன்னல்கள் மூடிக் கிடந்தன, ஏதோ ஒரு துக்கத்தை...”

அடித்துவிட்டேன். சன்னலுக்கு ஏது துக்கம்? இந்த அழகு பார்க்கிற புத்திதான் அந்தக் கடிதத்தையும் கெடுத்தது.

2

என் எதிர்வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற நர்ஸ். தெருவுக்கே அவர் நர்ஸம்மா. கீழ்வீட்டில் தனியாக இருக்கிறார். மாடியில் ஒரு தையல்காரம்மா மூன்று வருட ஒப்பந்தத்தில் குடியிருந்தார்.

ஒப்பந்தத்தின் எட்டாவது ஷரத்து: காலம் முடியும்போது வீட்டைக் காலி செய்ய நினைப்பவர் இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகவே இன்னும் ஒரு வருடம் தொடரும். ஆயுள் முழுக்க மருந்துச்சீட்டைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தவர் நர்ஸம்மா. எழுத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

(அட்வான்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்கப்போகும் வாசகருக்கு: அவர் அட்வான்ஸ் வாங்காத வீட்டுக்காரர். இப்படியும் ஒருவரா என்று கேட்காதீர்கள். கதைக்காக நான் எதையும் மாற்றாத ஒரே ஆள் அவர்தான்.)

3

தையல்காரம்மாவின் மகள் வேறு ஊரில் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தாள். இனி மகளோடேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்த தையல்காரம்மா, கெடுவுக்கு நாலு நாள் முன்பே வெள்ளைத்தாளோடு என்னிடம் வந்தார்.

“நீங்க கதையெல்லாம் எழுதுறவரு. நர்ஸம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார்.”

‘இந்த வீட்டைக் காலி...’ என்று தொடங்கினேன். பாதியில் கையைப் பிடித்துவிட்டார்.

“ஐயையோ, காலின்னு எழுதாதீங்க. நல்லா வாழ்ந்த வீடு. போறேன்னும் வேணாம். போயிட்டு வரேன்னு எழுதுங்க.”

நியாயம்தானே? நம்மில் யார் வாசலில் நின்று ‘போகிறேன்’ என்று சொல்கிறோம்? எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. இப்படி எழுதினேன்:

“மூன்று வருடம் உங்கள் வீட்டு நிழலில் நிறைவாக இருந்தோம். இரண்டு மாதம் கழித்து, முப்பத்தொன்றாம் தேதி, என் மகள் வீட்டுக்குப் போய் வருகிறேன். சாவி உங்களிடமே இருக்கட்டும். பால்கனிச் செடிகளை மறக்க வேண்டாம்.”

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அறிவிப்பும் இல்லை.

நர்ஸம்மா படித்துவிட்டு வாய் நிறையச் சொன்னார்: “நல்லபடியா போயிட்டு வா.” விஷயம் முடிந்தது என்று தையல்காரம்மா நினைத்தார். மகளின் பிரசவம் பார்த்துவிட்டு வருவாள் என்று நர்ஸம்மா நினைத்தார்.

4

இனிமேல் வருவதுதான் எனக்கு எழுத வராத பகுதி.

நர்ஸம்மாவுக்கு ஒரே தங்கை. கணவரை இழந்தவர். அவர் வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். அவரும் அதே முப்பத்தொன்றாம் தேதிக்குள் கிளம்பியாக வேண்டும். அக்காவுக்குப் போன் செய்தார்.

“அக்கா, உன் மாடிவீடு காலியாகுமா? கடைசிக் காலத்துல ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துடலாமே.”

கேட்டதும் நர்ஸம்மாவுக்கு நெஞ்சு துள்ளியிருக்கிறது. அதைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார். ஆனால் கெடுத் தேதி தாண்டி மூன்று நாள் ஆகியிருந்தது. காலி செய்வதாக எழுத்தில் ஏதும் வரவில்லை. அப்படியானால் வீடு இன்னும் ஒரு வருடம் தையல்காரம்மாவுடையது. பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறவளைப் போய்க் காலி பண்ணு என்பதா?

“குடுத்த வாக்கை மீற முடியாதுடி. ஒரு வருஷம் பொறுத்துக்கோ.”

தங்கை, கணவரின் அண்ணன் வீட்டில் ஓர் ஓரமாகத் தங்கப் போனார்.

தையல்காரம்மா கிளம்பும்போது தையல் மெஷினும் கூடப் போனது. பேரப்பிள்ளைக்குச் சட்டை தைக்க என்று நர்ஸம்மா எண்ணிக்கொண்டார். கட்டிலும் பீரோவும் வீட்டோடு வந்தவை, இருந்த இடத்திலேயே இருந்தன. வாடகைத் தேதி ஒன்று தாண்டியது. பிரசவ வீட்டில் போய் இதைக் கேட்பதா என்று விட்டுவிட்டார். தினமும் மாடியேறிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

அவர் கிளம்பிய நாற்பதாம் நாள் போன் வந்தது.

“நர்ஸம்மா, பேத்தி பொறந்திருக்கா! மாடிக்குப் புதுசா யாரு வந்திருக்காங்க?”

“என்னடி கேக்குற? நீ வரலையா?”

“அதான் எழுதிக் குடுத்தேனேம்மா...”

நர்ஸம்மா உடனே தங்கையை அழைத்தார். விவரத்தை அவர் சொல்லி முடிக்கவில்லை.

“அப்போ நாப்பது நாளா வீடு சும்மா கெடந்திருக்கு. ஆளில்லாத வீட்டுக்கு ஒப்பந்தம் காட்டினியேக்கா.”

அதற்குப் பிறகு தங்கை போனை எடுக்கவில்லை.

5

மூன்று வாரம் கழித்து நர்ஸம்மா என் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தக் கடிதம்.

“தம்பி, இதை யாரோ படிச்சவன் எழுதிருக்கான். நல்லாதான் இருக்கு. விஷயம் மட்டும் இல்ல.” உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “என் தங்கச்சிக்கு நீ ஒரு லெட்டர் எழுதிக் கொடு. நான் எழுத உக்காந்தா அழுகையா வருது. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்.”

என் கையெழுத்து அவருக்குத் தெரியாது. தவறு என் கடிதத்தில்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது, போன் வந்த அன்றே தையல்காரம்மா என்னிடமும் சொல்லியிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவு ஒன்று: தங்கை பெட்டியோடு மாடியேறி வருகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் போனையே எடுக்காதவரை நான் எப்படி மாடியேற்றுவது?

முடிவு இரண்டு: நான் இன்னொரு அழகான கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. (வெட்கமாக இருக்கிறது. கிட்டத்தட்ட இதைத்தான் செய்யவிருந்தேன்.)

6

மறுநாள் அவர் வந்ததும் வாசித்துக் காட்டினேன்.

“தையல்காரம்மாவின் கடிதத்தை எழுதியவன் எதிர்வீட்டுக்காரன் நான். வீட்டைக் காலி செய்கிறார் என்று எழுதாமல் விட்டது என் தவறு. உங்கள் அக்கா உங்களை வேண்டாமென்று சொல்லவில்லை.”

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“எப்பத்துலேருந்து தெரியும் உனக்கு?”

“போன் வந்த அன்னிலேருந்து.”

“மூணு வாரம். நான் தெனம் போன் போட்டுட்டு இருந்தேன். அவ எடுக்கல. நீ எதிர்லதான இருந்த?”

மன்னித்துவிடுங்கள் என்றேன். கெடு தாண்டி வந்த அறிவிப்பு அறிவிப்பே அல்ல. அதையும் எட்டாவது ஷரத்து சொல்கிறது.

கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடியே ஒரு வார்த்தை சொன்னார். அது ‘போ’ என்று தொடங்கியது.

‘போயிட்டு வரேன்’ என்றாரா, ‘போறேன்’ என்றாரா, இல்லை எனக்குத்தான் ‘போ’ என்றாரா, எனக்குத் தெரியும். ஆனால் அவர் வார்த்தையை நான் எழுதினால் மறுபடியும் அழகுபடுத்திவிடுவேன். இந்த ஒரு சொல்லை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

போ