அவள் பக்கத்துத் தரை

என் மனைவி மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றியதைக் கைக்குட்டையில் முடிந்து கைப்பையின் ஓர அறையில் போட்டாள். பிறகு கைக்கடிகாரத்தையும் அவிழ்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் இன்னும் ஏறவில்லை. மூடிக்கிடக்கிற பர்னிச்சர் கடையின் பின்பக்கத்து மைதானத்தில் எங்கள் கார்ப் பைத்தியக் கூட்டத்துக் கார்கள் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. அடுத்தவர் எஞ்சினுக்கு மேல் குனிகிறவர் மோதிரம், கடிகாரம், பெல்ட் என்று கீறக்கூடியது எதையும் உடம்பில் வைத்திருக்கக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். பெயிண்டில் ஒரு கோடு விழுந்தால் கூடப்பிறந்தவனோடும் பேச்சு நின்றுவிடும். அதனால் அவள் செய்தது முறைதான். எனக்கு உறைத்தது வேறு. இத்தனை வருஷத்தில் என் கார் மேல் குனிவதற்காக அவள் ஒரு நாளும் மோதிரத்தைக் கழற்றியதில்லை. இப்போது கழற்றியது விசிலுடைய காருக்கு.

அவனை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவன். அவன் கார் வெளிநாட்டிலிருந்து இறக்கிய ஒரு சிவப்புப் பொடியன். எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளுகிற டர்போ மாட்டியிருக்கிறான், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் தெருவில் போகிற பெண்ணைப் பார்த்த விடலைப்பயல் மாதிரி விசிலடிக்கும். கம்பெனி கொடுத்ததில் அந்தக் காரில் மிச்சம் இருப்பது கூரை மட்டும்தான் என்று நினைக்கிறேன். சக்கரம் மாற்றி, ஸ்பிரிங் மாற்றி, தரையோடு தரையாக இறக்கி, பின்னால் இஸ்திரிப் பலகை அகலத்துக்கு ஒரு இறக்கையும் வைத்திருக்கிறான். எஞ்சின் சரியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க மாட்டான், லேப்டாப்பைச் சொருகிப் பார்ப்பான். இதையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆள் மரியாதையானவன், குடிக்க மாட்டான், என்னை அண்ணே என்பான், அவளை அக்கா என்பான். குறை சொல்ல ஓர் ஓட்டைகூட வைக்காத மனிதனைப் போல எரிச்சல் மூட்டுகிறவன் யாரும் இல்லை. அக்கா என்றுதான் ஆரம்பிப்பார்கள், எனக்குத் தெரியாதா?

என் கார் பழைய ஜாதி. எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, முன்பக்கம் மட்டுமே ஒரு கட்டில் நீளம். என்னைவிட வயதில் மூத்தது. துருப்பிடித்த கூடாக வாங்கி, லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக் வேலை பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தையெல்லாம் அதில் கொட்டினேன். ஒரு போல்ட்கூட கம்பெனி வைத்ததைத் தவிர வேறு போடவில்லை. கிடைக்காததைத் தேடி அலைந்தேன், இரண்டு வருஷம் முன்விளக்கின் ஒரு வளையம் இல்லாமலே ஓட்டினேன், வேறு வளையம் மாட்டவில்லை. மைதானத்தில் சுவர் ஓரம் எங்கள் ஆட்கள், கேட் பக்கம் விசிலுடைய ஆட்கள். நாங்கள் அவர்களுடையதைத் தகர டப்பா என்போம். அவர்கள் எங்களுடையதைப் பெட்ரோல் குடிக்கிற பீரோ என்பார்கள். வெறும் கேலிதான், டீ ஒரே பிளாஸ்கிலிருந்துதான் ஊற்றிக்கொள்வோம். ஆனால் சுவர் பக்கத்து ஆள் வீட்டிலிருந்து ஒருத்தி கேட் பக்கம் போய்க் குனிந்து நிற்பது இதுவரை நடந்ததில்லை.

டீ கொண்டுபோகிற சாக்கில் பக்கத்தில் போனேன். அவள் எஞ்சினுக்குள் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். புகைக்குழாயைச் சுற்றி, உடைந்த கைக்கு டாக்டர் சுற்றுவது போல, மண் நிறத்தில் ஒரு நாடாவைச் சுற்றி வைத்திருந்தான்.

"தொட்டுப் பாக்கலாமா?"

"தாராளமா தொடுங்கக்கா. சுடாது. இப்பத்தான் ஓட்டிட்டு வந்தேன், இருந்தாலும் சுடாது."

முதலில் விரல் நுனி, அப்புறம் முழு உள்ளங்கையையும் வைத்தாள். "அட, ஆமா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. என் காரின் முன்விளக்கு வளையம் கிடைத்த அன்று வீடு முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "நல்லாருக்கு" என்றாள். அவ்வளவுதான். ஒரு ஓட்டைக் குழாய்க்குக் கட்டுப் போட்டதைப் பார்த்து இந்தச் சிரிப்பு. இரண்டு டீயில் ஒன்றை நானே குடித்தேன், இன்னொன்றையும் நானே குடித்தேன்.

அதோடு முடியவில்லை. விசில் சாவியைத் தூக்கிப் போட்டான், அவள் ஒரு கையால் பிடித்தாள். மைதானத்தை இரண்டு சுற்று. திருப்பத்தில் கியரை இறக்கி, நிமிர்த்தி, காலை எடுத்ததும் அந்தப் பாழாய்ப்போன விசில். கேட் பக்கம் கைதட்டினார்கள். சுவர் பக்கம் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து வெல்டர் மட்டும் வாய் திறந்தான். "தங்கச்சி பஸ் ஓட்டுறவங்கல்ல, கை சுத்தமா இருக்கு" என்றான். ஆமாம், அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். வாரம் முழுக்க, அத்தனை பிள்ளைகளையும் ஏற்றி இறக்கி. ஆனால் என் காரை அவள் ஓட்டியதில்லை. பஸ்ஸோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வு வேண்டாமா என்று சொல்லித்தான் அவளை எப்போதும் பக்கத்தில் உட்கார வைப்பேன். அவளும் கேட்டதில்லை. உட்காருவாள், காலடியில் ஒரு பழைய டவலை மடித்துப் போட்டுக்கொள்வாள். என் கம்பளத்தில் செருப்பு மண் படக்கூடாது என்று அவளுக்கு எவ்வளவு அக்கறை என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது கேட்டுவிட்டேன். "அந்த டப்பால அப்படி என்னதான் இருக்கு?"

காலடியில் இருந்த டவலை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "ஒண்ணுமில்ல. சும்மா ஓட்டிப் பாத்தேன்."

ஒண்ணுமில்லை என்று பெண்டாட்டி சொன்னால் என்னென்னவோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸ் போடுகிறபோதும் அந்த உள்ளங்கைதான் கண்ணில் நின்றது. புதன்கிழமை வீட்டுச் சாவியைத் தேடி அவள் பையில் கைவிட்டேன். கையில் வந்தது ஒரு நாடாச் சுருள். மண் நிறம், பிரிக்காத சுருள், விசில் காரில் பார்த்த அதே சாமான். காதில் புகை வருகிறது என்பார்களே, அன்றைக்கு எனக்கு வந்திருந்தால் எட்டு சிலிண்டருக்கு உண்டான புகை வந்திருக்கும். இது அவன் கொடுத்ததுதான். எதற்குக் கொடுத்தான் என்பதும் நிமிஷத்தில் விளங்கிவிட்டது. என் காரை மாற்றப் போகிறார்கள். இன்றைக்கு நாடா, நாளைக்கு டர்போ, நாளன்றைக்குப் பின்னால் இஸ்திரிப் பலகை. ஆளை முதலில் மயக்கு, அப்புறம் காரைக் கவிழ் என்று திட்டம் போட்டிருக்கிறான். சுருளை இருந்த இடத்திலேயே வைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வருமே என்று பயந்துதான் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு யோசனை செய்தேன். விசில் காரை ஒரு விரலால் திருப்பலாம், செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை அது. என் காரின் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் வேண்டும், கிளட்ச் மிதிக்கத் தொடை வேண்டும், இரண்டாவது கியர் நான் போட்டாலே முரண்டு பிடிக்கும். ஒரு தடவை ஓட்டட்டும். தெருமுனை திரும்புவதற்குள் வேர்த்து விறுவிறுத்து, "நீங்களே ஓட்டுங்க" என்று சாவியைத் திருப்பித் தருவாள். எது கார், எது விளையாட்டுச் சாமான் என்று அப்போது தெரியும். பஸ்ஸுக்கு எவ்வளவு பெரிய கிளட்ச் என்பது எனக்குத் தெரியாததா என்ன? தெரியும். பொறாமை பிடித்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் சமயத்துக்கு ஞாபகம் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வைத்துச் சாவியை நீட்டினேன். "இன்னைக்கு நீ ஓட்டு."

அவள் சாவியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "ஏன், கைல எங்கயாவது அடிபட்டுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஊரான் காரையெல்லாம் ஓட்டுற, நம்ம காரை ஓட்டக் கூடாதா?"

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள், நான் சுற்றிப் போய் அவள் வழக்கமாக உட்காருகிற சீட்டில் ஏறினேன். ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள், பெடலுக்கு நாலு விரற்கடை எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் துழாவி, "எப்படி முன்னால தள்றது?" என்றாள். தள்ள முடியாது. சீட் நகர்கிற தண்டவாளம் துருப்பிடித்துப் போய், அசல் கிடைக்காததால், என் கால் அளவுக்கு வைத்து, கம்பெனி போல்ட் நான்கையே போட்டு இறுக்கிவிட்டேன். வேறு யார் ஓட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், தெருமுனைகூட வேண்டாம், வாசலிலேயே முடிந்தது கதை. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு கையை நீட்டி, என் காலடியில் மடித்துக் கிடந்த டவலை எடுத்து, இன்னும் இரண்டாக மடித்து, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். கால் எட்டியது.

நான் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. கிளட்சை அவள் மிதித்த விதத்தில் அது ஏதோ தையல் மிஷின் பெடல் என்று தோன்றும். இரண்டாவது கியர் சொன்ன பேச்சு கேட்டது. எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை அது. நான்கு முனை ரோட்டில் லாரி ஒன்று குறுக்கே வர, சத்தமில்லாமல் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி வேகம் பிடித்தாள். பாலத்தில் ஏறும்போது காலை அழுத்தினாள் பாருங்கள், எட்டு சிலிண்டரும் ஒரே தொண்டையில் முழங்கியது. என் காரின் குரலை இந்தப் பக்கத்திலிருந்து நான் கேட்டதே இல்லை. பாலத்தில் நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தது அவளை. அதுவரை எனக்கு ஒருத்தன் மேல்தான் வயிற்றெரிச்சல். இப்போது இரண்டு பேர் மேல், காரையும் சேர்த்தால் மூன்று.

பாலம் இறங்கும்போதுதான் கால் சுட்டது.

முதலில் வெயில் என்று நினைத்தேன். கால் மேல் வெயிலே இல்லை. பாதத்துக்கு அடியிலிருந்து, செருப்பைத் தாண்டி, அடுப்பில் வைத்த தட்டு மாதிரி தரை காய்ந்தது. இடது காலைத் தூக்கி வலது கால் மேல் வைத்தேன், வலது கால் கத்தியது. மாற்றினேன். இரண்டு பக்கத்துப் புகைக்குழாயும் ஒன்றாகச் சேர்ந்து இந்தத் தரைக்கு அடியில்தான் ஓடுகிறது. கம்பெனி அப்படித்தான் வைத்தது. குழாயைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு போல்ட்டாக மாட்டியவன் நான், மல்லாக்கப் படுத்துக்கொண்டு. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்தச் சீட்டில் உட்கார்ந்ததுதான் இல்லை.

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "சுடுதா?"

"இல்ல."

"கதவு ஓரமா, மூலையில வைங்க. அங்க அவ்வளவா தெரியாது. தூரமாப் போறப்போ டவல் இருந்தாலும் நான் அங்கதான் வச்சுக்குவேன்."

கொஞ்ச தூரம் போனோம். அவளுடைய பை என் மடியில் இருந்தது. அதற்குள் சுருள் கை அகலத்துக்குப் புடைத்துக்கொண்டிருந்தது. இந்தத் தரைக்கு அடியில் ஓடுகிற குழாய்க்கு எத்தனை சுற்று வேண்டும் என்று அவள் அவனிடம் கேட்டிருப்பாள். என் காரின் குறையை, என்னிடம் சொல்லாததை, அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவள் அவனோடு சிரித்ததுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல? அவன்கிட்ட மட்டும் சொல்லத் தெரிஞ்சுதா?"

"நானா ஒண்ணும் சொல்லல." கியரை மாற்றினாள். "ரெண்டு வாரம் முன்னால டீ குடிக்கும்போது என் செருப்பைப் பாத்தான். அடியெல்லாம் ஏன் இப்படி உருகியிருக்குன்னு கேட்டான்."

பெடல் மேல் இருந்த அவள் செருப்பை எட்டிப் பார்த்தேன்.

"அவன் கேட்டான்," என்றாள் மறுபடியும். கோபம் இல்லை குரலில், பஸ்ஸில் ஒரு பிள்ளையின் ஸ்டாப்பைச் சொல்வது போலச் சொன்னாள்.

மைதானம் வந்தது. கேட் பக்கம் சிவப்புக் கார் பானட்டைத் திறந்து நின்றிருந்தது. விசில் எங்களைப் பார்த்தான், யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கைதட்டினான். அடே, உனக்கு இதுவும் சந்தோஷமா? அவள் ஹாரனை ஒரு தட்டு தட்டினாள். வேகம் குறைந்தது, ஆனால் ஸ்டீயரிங் திரும்பவில்லை.

"இன்னும் கொஞ்ச தூரம் போலாமா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். போன வாரம் சிவப்புக் காரிலிருந்து இறங்கியபோது இருந்த அதே முகம்.

கால் இரண்டும் தீயாய் எரிந்தது. "போ," என்றேன்.

காலை இழுத்துக் கதவோரம் மூலையில் வைத்தேன். நான் தேடித் தேடி வாங்கி, ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டிய கம்பளம். அந்த மூலையில் மட்டும் நூல் தேய்ந்து, அவள் கால் வைத்து வைத்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குட்டித் தடம் விழுந்திருந்தது. அதற்குள் வைத்துப் பார்த்தேன், பக்கவாட்டில் திருப்பியும் பார்த்தேன். என் பாதத்தில் பாதிகூட அடங்கவில்லை.