முதலில் பேசியவர்

மணி ஒன்று ஆனதுதான் தாமதம், குயில் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தாள். லிஃப்டுக்கு முன்னால் ஒரு கூட்டமே நின்றது. அதை நம்பி நிற்க நேரமில்லை. நாலு மாடி, எண்பது படி. சாப்பாட்டு நேரம் மொத்தமே அரை மணி. டிபன் பையைக்கூட எடுக்கவில்லை. சோறு எங்கே ஓடிவிடப் போகிறது?

குயில் என்பது ஆபீசில் வைத்த பட்டப்பெயர். கிரெடிட் கார்டு கடனை இழுத்தடிப்பவர்களைப் போனில் பிடித்துக் கட்டவைக்கும் கம்பெனி அது. சிலர் மிரட்டி வசூலிப்பார்கள், சிலர் கெஞ்சி வசூலிப்பார்கள். இவள் இனிக்க இனிக்கப் பேசியே கறந்துவிடுவாள். "நீங்க போனை வச்சப்புறம்தான்மா, அடடா பணத்தைக் கட்டிட்டோமேன்னு உறைக்குது" என்று ஒரு பல் டாக்டரே புலம்பியிருக்கிறார். பத்து வருஷ சர்வீஸ். அந்த மாடியில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அப்பேர்ப்பட்டவள் தன் சொந்தக் கார்டுக்கு இரண்டு மாதமாகச் சல்லிக்காசு கட்டவில்லை. கேட்டால் யாராவது நம்புவார்களா?

அவள் கணவருக்கு அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் மெஷின் வேலை. வருஷ ஆரம்பத்தில் ஆர்டர் படுத்துவிட்டது. முதலில் ஓவர்டைம் போயிற்று, பிறகு வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றார்கள். சம்பளம் சரிபாதி. சரி, யாருக்குத்தான் கஷ்டம் வராது, சுருக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால் மனிதர் சுருங்கினால்தானே! சம்பளம் குறைந்ததைத் தன் அம்மாவுக்குச் சொல்லவில்லை. தம்பிக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கொடுக்கிற பணத்தை வழக்கம்போல் முழுசாகக் கொடுத்துவிட்டு, வீட்டு மளிகையைக் கார்டில் வாங்கினார். ஓட்டலில் தம்பி குடும்பம் எட்டுப் பேர் சாப்பிட்டு எழுந்தால், பில் மேசைக்கு வருவதற்குள் இவர் கார்டு வெளியே வந்துவிடும். "நான் குடுக்கறேன், நீ சும்மா இரு." வறட்டுக் கௌரவம் என்றால் அப்படியொரு கௌரவம்!

கார்டு குயிலின் பெயரில் எடுத்தது. முதல் சில மாதம் பில்லில் போட்டிருந்த குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினார்கள். அது வட்டி வாயிலேயே போய்விடும், அசல் அசையாது என்று உலகத்துக்கே தெரியும், அவளுக்கோ உலகத்தைவிட நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பிறகு அதுவும் முடியவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

நாளை ஒன்றாம் தேதி. ஒவ்வொரு ஒன்றாம் தேதி காலையிலும் கம்பெனி தன் ஆட்களின் கடன் கணக்கை எடுத்துப் பார்க்கும். வசூல் பண்ணுகிறவனே பாக்கிக்காரனாக இருந்தால் ஊர் சிரிக்காதா என்பது முதலாளியின் நியாயம். இரண்டு மாதப் பாக்கி என்று தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். வீட்டில் முழுசாக வரும் ஒரே சம்பளம் அவளுடையதுதான். அதுவும் போனால்?

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு வட்டியை நிறுத்தி, மீதியை மாதத் தவணையாகப் பிரித்துக் கொடுக்கும் சலுகை அந்த பேங்கில் உண்டு. சலுகையில் சேர்ந்துவிட்டால் கணக்கு அன்றே ஒழுங்காகிவிடும். ஆனால் சம்பளம் குறைந்ததற்குத் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வேண்டும். அதைப் போய்க் கேட்கத்தான் கணவருக்கு இரண்டு மாதம் வாய் வரவில்லை. நேற்று ராத்திரி அவள் அழுத அழுகையில், இன்று காலை போய் வாங்கிவிட்டார்.

வாசலில் காவலாளியின் கூண்டு. மாடிக்குப் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் எல்லார் போனும் அங்கேதான் பூட்டிக் கிடக்கும். அதையொட்டிய நிழலில் கணவர் நின்றிருந்தார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

"போட்டோ எடுத்து அனுப்புங்கன்னா அனுப்பக் கூடாதா? இந்த வெயில்ல வரணுமா?"

"யார் கண்ணுலயாவது பட்டா? அதான் கையோட கொண்டாந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு, லெட்டரை வேணும்னா அனுப்பு. ஆனா எனக்குச் சம்பளம் பாதின்னு வாயைத் திறந்து சொல்லிடாதே. பக்கத்துல ஆள் உக்காந்திருக்கான்."

"அவரா? அவர் வெத்தலைப்பெட்டியைத் தேடிட்டிருக்காருங்க. நம்மளையா பாக்கறாரு?"

"பொதுவா, குடும்பச் சூழ்நிலைன்னு சொல்லு. போதும்."

அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட நேரமில்லை. கூண்டில் தன் போனை வாங்கி, கடிதத்தைப் படம் பிடித்து பேங்குக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். இசை ஓடியது. காத்திருங்கள், காத்திருங்கள் என்று ஒரு குரல் நிமிஷத்துக்கு ஒரு தரம் சொன்னது. ஒன்று பத்து. ஒன்று பன்னிரண்டு. கணவர் கைக்கடிகாரத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வணக்கம் மேடம், சொல்லுங்க."

கிடைத்துவிட்டது! குயிலுக்கு உடம்பெல்லாம் ஒரு முறுக்கு ஏறியது. என்ன இருந்தாலும் இது அவள் களம். பத்து வருஷமாக மறுமுனையில் உட்கார்ந்து ஆடிய ஆட்டம். தாமதக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யவைத்து, தவணையையும் அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்துவிட மாட்டாளா என்ன?

"குடும்பச் சூழ்நிலை கொஞ்சம் சரியில்லம்மா. அதான் ரெண்டு மாசமா கட்ட முடியல."

"என்ன சூழ்நிலை மேடம்?"

குயில் கணவரைப் பார்த்தாள். அவர் வேகமாகத் தலையை ஆட்டினார்.

"செலவு கூடிப்போச்சு."

"செலவு கூடினதுக்கெல்லாம் எங்ககிட்ட ஏற்பாடு எதுவும் இல்ல மேடம். செலவைத்தான் குறைச்சுக்கணும். வேற ஏதாவது காரணம் இருக்கா?"

"காரணம்னா... வீட்ல நிலைமை முன்ன மாதிரி இல்ல."

"எந்த விதத்துல மேடம்?"

"லெட்டர் அனுப்பியிருக்கேன், பாருங்களேன்."

"லெட்டர் வந்திருக்கு. ஆனா போன்ல நீங்க சொல்றதைத்தான் நான் பதிவு பண்ண முடியும்." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "சரி மேடம். மாசம் எவ்வளவு கட்ட முடியும்?"

கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

குயிலுக்குச் சட்டென்று பிடிபட்டது. அடி சக்கை! இது அவளுக்குத் தெரியாத வித்தையா? வசூல்காரர்களின் முதல் பாடமே இதுதான். எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். இருமாதே, கனைக்காதே. அந்த மௌனம் தாங்காமல் எதிராளி பத்து எண்ணுவதற்குள் ஒரு தொகையை உளறிவிடுவான், அதுவும் தன் சக்திக்கு மீறிய தொகையாக. முதலில் பேசியவன் தோற்றான். எத்தனை ஆயிரம் பேரை இப்படி உளறவைத்திருக்கிறாள்!

என்கிட்டயேவா, என்று உதட்டைக் கடித்துக்கொண்டு குயிலும் மௌனமானாள்.

அந்த முனையில் சத்தமில்லை. இந்த முனையிலும் இல்லை. அரை நிமிஷம் போயிற்று. ஒரு நிமிஷம் போயிற்று. அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை, மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை.

"என்னாச்சு? லைன் கட்டாயிடுச்சா?" என்றார் கணவர்.

குயில் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள்.

இரண்டு நிமிஷம். ஒன்று பத்தொன்பது. நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கவில்லை. வேலை போகப்போகிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது, ஒன்றரைக்கு மாடியில் இல்லையென்றால் அரைநாள் சம்பளம் கட். எல்லாம் தெரிகிறது. ஆனாலும் வாயைத் திறக்க மனசு வரவில்லை. பத்து வருஷப் பழக்கம் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. பேசினால் தோற்றுவிடுவோமே! ஒரு பைத்தியக்காரி இன்னொரு பைத்தியக்காரியோடு, போனைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் போட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று நிமிஷம். நாலு.

கணவர் வாய் பொத்தப்பட்டபடியே அவளைப் பார்த்தார். தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. காலையிலிருந்து சாப்பிடாத முகம். கண்ணில் இறங்கும் வியர்வையைக்கூடத் துடைக்காமல் நிற்கிறாள். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் மனிதருக்கு உள்ளே ஏதோ ஒன்று அறுந்துவிட்டது. அவள் கையை விலக்கினார். போனைப் பிடுங்கினார்.

"அம்மா, நான் அவ வீட்டுக்காரர் பேசறேன்." தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்கும் சத்தம். "எனக்குச் சம்பளம் பாதியாயிடுச்சும்மா! எட்டு மாசம் ஆச்சு. வாரத்துல மூணு நாள்தான் வேலை. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு கார்டைத் தேச்சுத் தேச்சு நான்தான் கடனை ஏத்தினேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. மாசம் இவ்வளவுதான் எங்களால முடியும்" என்று ஒரு தொகையைச் சொன்னார். "அதுக்கு மேல ஒரு பைசா முடியாது. ஆனா அதை ஒழுங்காக் கட்டிடுவோம். ஏதாவது வழி இருந்தா பண்ணுங்கம்மா."

குயில் தலையில் கை வைத்துக்கொண்டாள். போச்சு! எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தொகையை வேறு சொல்லிவிட்டார். அதுவும் எவ்வளவு? அவள் பேரம் பேசிப் பேசிக் கடைசியில் ஒத்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் வைத்திருந்ததில் பாதி! பேங்க் இதற்குச் சம்மதிக்குமா?

"அப்பாடா!" என்றது போன்.

கணவர் போனை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

"சார், இதைத்தான் சார் எதிர்பார்த்துட்டு இருந்தேன். வருமானம் குறைஞ்சிருக்கு, எப்போலேர்ந்து, மாசம் எவ்வளவு முடியும். இந்த மூணும் உங்க பக்கத்துலேர்ந்துதான் வரணும். நாங்களா எடுத்துக் குடுக்கக் கூடாது. மேடமுக்கு எத்தனை தடவை கொக்கி போட்டேன்! லெட்டரைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும் சார். எப்படியாவது சொல்லிடுவாங்கன்னு வாயைப் பொத்திக்கிட்டுக் காத்திருந்தேன்."

குயிலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் யாரோடு மல்லுக்கட்டினாளோ, அந்தப் பெண் தூக்கிவிடக் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்! பத்து வருஷத்தில் மறுமுனையில் மௌனமாக இருந்தவர்கள் எல்லாரும் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்களோ என்று ஒரு கணம் ஓடியது. உட்கார்ந்து யோசிக்க இது நேரமில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. இன்றோடு வட்டி நிற்கும். தாமதக் கட்டணம் தள்ளுபடி. மீதி மூன்று வருஷத் தவணை, அவர் சொன்ன அதே தொகை. முதல் தவணை இப்போதே. கார்டு குயிலின் பெயரில் இருப்பதால் அவள் சம்மதம் பதிவாக வேண்டும்.

"இனிமே இந்தக் கார்டு வேலை செய்யாது மேடம். சம்மதமா?"

"சம்மதம்!" என்றாள் குயில்.

"சம்மதம், சம்மதம்!" என்று பக்கத்திலிருந்து கணவரும் கத்தினார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றுகூட அவர் இவ்வளவு அவசரமாகச் சம்மதம் சொல்லவில்லை.

ஒன்று இருபத்தேழுக்கு முதல் தவணை போயிற்று. ஒன்று இருபத்தெட்டுக்குக் குறுஞ்செய்தி வந்தது: கணக்கு ஒழுங்கு செய்யப்பட்டது. குயில் அதை இரண்டு முறை படித்தாள். அப்புறம் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஐயோ! முடிஞ்சுதுங்க! வேலை போகாது! போகாதுங்க!" அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"நீ என்னமோ பெரிய பேச்சுக்காரின்னு நினைச்சேன்" என்றார் அவர். "ஒரு வார்த்தை பேசாம நிக்கறே?"

"போதும், வாயைக் கிளறாதீங்க. மணியாச்சு."

போனைத் திருப்பிக் கொடுக்க இருவரும் கூண்டுப் பக்கம் திரும்பினார்கள். காவலாளி வெற்றிலையை மென்றபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அரை மணி நேரம் முன்பாக இருந்தால் கணவர் செத்தே போயிருப்பார். இப்போது என்னவென்றால், அவரே வலியப் போய் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டார். ஒருமுறை சொல்லிப் பழகியதும் ருசி கண்டுவிட்டது போலிருக்கிறது.

"கேட்டீங்களா அண்ணே? எனக்குச் சம்பளம் பாதிதான். எட்டு மாசமா."

"கேட்டேன் சார். பாவம். பாதின்னா இப்ப எவ்வளவு வருது?"

அவர் தொகையைச் சொன்னார்.

காவலாளி மெல்லுவதை நிறுத்தினார். "எனக்கு முழுசே அவ்வளவுதான் சார்" என்றார்.

குயில் போனை நீட்டியபடி அப்படியே நின்றாள். கணவர் ஜன்னலில் ஊன்றியிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப... எப்படிண்ணே சமாளிக்கறீங்க? கடன் ஏதும் இல்லையா?"

"கடனா?" காவலாளி போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "எனக்கு எவன் சார் கார்டு குடுப்பான்?"