ஆறாவது மாடி

அப்பாவின் கிடார் எழுப்பிய சத்தத்துக்கு விலை பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அனுப்பும் செலவு தனி. அதுவும் அடுத்த மாதம்தான் கிடைக்கும்.

"அடுத்த மாசம் எனக்கெதுக்குங்க?" என்றாள் மகள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அப்பாவின் உதட்டை நனைக்கப் பஞ்சைத் தண்ணீரில் பிழிந்துகொண்டிருந்தாள். "இன்னிக்கு வேணும். மேல ரெண்டாயிரம் போட்டுத் தரேன்."

"நான் என்ன ஏலமா விடறேன்? கையில சரக்கு இல்லைங்க."

"எங்கப்பா ஆம்பைப் பாத்துதான நீங்க அந்தப் பெடலச் செஞ்சீங்க? லிஃப்ட் மெக்கானிக்."

மறுமுனையில் பேரம் நின்றது.

"ஐயாவுக்கு என்ன?"

"இன்னிக்குத் தாண்டாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. காது மட்டும் கடைசி வரைக்கும் கேக்குமாம்."

"நான் வாசிக்கிறதையே எடுத்துட்டு வரேம்மா. வெச்சிடுங்க."

அப்பாவின் மருந்துப் புட்டிகள் வரிசையாக நின்றது, கிடார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுத்த அந்த ஆம்ப் பெட்டியின் தலையில்தான். கட்டிலோரம் அது மேஜையாகி ஒரு வருடம் ஆயிற்று. ஒருநாள் தானாக வாயை மூடிக்கொண்டது. அதற்குள் அப்பாவின் விரல்களும் நடுங்கத் தொடங்கியிருந்ததால் யாரும் அதைப் பழுது பார்க்கவில்லை.

பகலில் லிஃப்ட், இரவில் கல்யாண மண்டபங்களில் கிடார் என்று ஓடிய காலத்தில் வாங்கியது. விலை கூடிய வால்வு ஆம்ப் வைத்திருந்த பெரிய கைகள் இந்த டிரான்சிஸ்டர் பெட்டியை "டீக்கடை ரேடியோ" என்றார்கள். மண்டபத்துக் கரண்ட் ஏறி இறங்கும்போது அவர்களுடைய வால்வுகள் மூர்ச்சையாகும். டீக்கடை ரேடியோ அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். இப்போது அவர்களுடைய பேரன்கள் இதே பெட்டிக்காக ஊரெல்லாம் சலித்துத் தேடுகிறார்கள். கிடைக்காதவர்களுக்காக வந்ததுதான் பெடல். உள்ளங்கை அகலத் தகர டப்பா; காலால் மிதித்தால் கிடார் அந்தப் பழைய குரலில் பேசும்.

"என்னைய டப்பாவுல அடைச்சு விக்கிறான்" என்று அப்பா சிரிப்பார். வாங்கியதில்லை. "பெட்டி இருக்கறப்ப டப்பா எதுக்கு?"

பெடல்காரர் பையும் ஒயரும் ஒரு சின்ன ஸ்பீக்கருமாக வந்து நின்றதும் அம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்சூரன்ஸா தம்பி? நாங்க ஏற்கெனவே ஏமாந்தாச்சு."

மகள் விவரம் சொன்னாள். அம்மா கட்டிலை ஒட்டி அவருக்கு ஸ்டூல் போட்டாள்.

ஆணியில் தொங்கிய அப்பாவின் கிடாரை இறக்கி, பெடலோடும் ஸ்பீக்கரோடும் இணைத்துச் சுருதி சேர்த்தார். வாசித்தது, ஒவ்வொரு கச்சேரியையும் அப்பா முடிக்கும் மெட்டு. பெடல் செய்வதற்காக ஆம்பைத் தன் கடையில் வைத்து ஆராய்ந்த ஒரு வாரத்தில், அங்கே வந்த அப்பாவின் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டாராம். நாலு சுரம் போவதற்குள் அம்மா கையை நீட்டினாள்.

"இது இல்ல. அந்தத் திருகக் கொஞ்சம் ஏத்து. இன்னும். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"முப்பது வருஷமா தினம் நான் குறைப்பேன், அவரு ஏத்துவாரு. தெரியாம போகுமா?"

ஏற்றினார். அறைக்குள் அந்தச் சத்தம் வந்தது: தொண்டை லேசாகக் கட்டிக்கொண்ட ஒருவர் சந்தோஷமாகப் பாடுவது மாதிரி. மகள் பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தாள். அப்பாவின் இடது கை அம்மாவின் மணிக்கட்டில் கிடந்தது. மெட்டு திரும்பும் இடத்தில் இரண்டு விரல்கள் அழுந்தின. அடுத்த திருப்பத்திலும். அப்புறம் கை தளர்ந்து, மூச்சு நிதானமாயிற்று.

"தூங்கறார்" என்றாள் அம்மா மெல்ல. பெடல்காரர் பாதியில் நிறுத்திக் கம்பிகளை உள்ளங்கையால் மூடினார்.

மகள் காபி கொண்டுவந்தாள். டப்பாவின் மேல் "ஆறாவது மாடி" என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "ஏன் இந்தப் பேரு?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கரகரப்புக்கு உள்ள டயோடுன்னு ரெண்டு சின்ன பார்ட் இருக்கும்மா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். ஐயா பெட்டியில ஒண்ணு மட்டும் வேற. கேட்டா, 'கச்சேரியன்னிக்குப் போயிடுச்சு, கடையில இல்ல, லிஃப்ட் போர்டுல இருந்துச்சு'ன்னார்."

"எந்த லிஃப்ட்?" என்றாள் அம்மா.

"அதச் சொல்லல. அந்தக் கட்டடத்துல ஒரு வாரம் லிஃப்ட் ஆறாவது மாடியில மட்டும் நிக்கலையாம். ஜனங்க அஞ்சுல எறங்கி மூச்சு வாங்க ஏறியிருக்காங்க. புகார் மேல புகார். ஒவ்வொரு தடவையும் பாக்கப் போனது ஐயாதான்."

"போய் என்ன சொன்னாராம்?"

"'பார்ட்ஸ் வரணும்'னாராம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"சரியான ஜோடி போட்டும் செஞ்சு பாத்தேன்மா. சுத்தமா இருந்துச்சு, உயிரில்ல. அதனால எல்லாத்துலயும் அந்தத் தப்பான டயோடத்தான் போடறேன். எங்க வீட்ல அடுப்பெரியறது அதனாலதான். ஐயா பேரையே வைக்கிறேன்னேன். 'ஐயோ, கம்பெனி ஸ்டோர்காரன் இன்னும் உயிரோட இருக்கான்'னுட்டார். அதான் இந்தப் பேரு."

அம்மாவால் அடக்க முடியவில்லை. சத்தமாகவே சிரித்துவிட்டு, "ஏங்க, ஒரு வாரம் ஜனங்களப் படியேற வெச்சீங்களா?" என்று கட்டில் பக்கம் திரும்பினாள்.

திரும்பியவள் அவர் மார்பில் கை வைத்தாள்; அது ஏறி இறங்கவில்லை. பெடல்காரர் குனிந்து, டப்பாவின் சின்ன விளக்கை அணைத்தார்.

மறுநாள் எல்லாம் முடிந்து வாசலில் பெடல்காரர் செருப்பு மாட்டும்போது அம்மா கைப்பையோடு வந்தாள்.

"எவ்வளவு தம்பி?"

"என்னம்மா நீங்க, உங்ககிட்டப் போய்..."

"விலையச் சொல்லு."

"பன்னெண்டரை."

"அதிகம். பாதிப் பாட்டுதான் கேட்டார். பாதிதான் தருவேன்."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெடல்காரர் அம்மாவின் முகத்தையே பார்த்தார்.

"பாதிக் காசுக்குப் பெடல அறுத்தா தர முடியும்?"

"முழுசா இங்க வெச்சுட்டுப் போ. மீதிப் பாட்ட வந்து வாசி, மீதிய வாங்கிக்க."

"எப்ப வரட்டும்மா?"

"ஞாயித்துக்கிழமை." அம்மா கைப்பையை மகளிடம் நீட்டினாள். "ஒரேயடியா வாசிச்சு முடிச்சுடாத. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா, தவணையா வாசி."

அவர் சரியென்று தலையாட்டினார். மகள் நோட்டுகளை எண்ணி அவர் கையில் வைத்தாள்.

ஆறாயிரத்து இருநூற்று ஐம்பது வரவு. பாக்கி, இன்னொரு ஆறாயிரத்து இருநூற்று ஐம்பதும் பாதிப் பாட்டும்.