சேரனுக்குத் திங்கட்கிழமை

முனியப்பன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, அதை வெறுங்கையால் அடித்து அணைத்துச் சொல்கிற சத்தியம் இது: கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. யானைகளின் கணக்கு உட்பட எல்லாம் நடந்தது நடந்தபடி. நம்பாதவர்கள் மாரண்டஹள்ளியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முருகேஷைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் இல்லை என்று தலையாட்டினால், அவருக்கு மறதி அதிகம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாயவனுக்கு அலுப்பு வந்து அப்போது பதினேழு வருஷம் ஆகியிருந்தது. உடம்பில் வந்த அலுப்பு என்றால் படுத்து எழுந்தால் போய்விடும். இது கிணற்றிலிருந்து வந்த அலுப்பு. அவருக்கும் பெரியப்பா மகன் அர்ச்சுனனுக்கும் பொதுவாக ஒரு கிணறு. ராத்திரி முழுக்க ஊற்றெடுத்து, காலையில் ஓர் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் யார் மோட்டார் முதலில் ஓடுகிறதோ அவருக்குத் தண்ணீர். அடுத்தவருக்குச் சேறு. மூத்தவன் என்ற முறையில் முதல் முறை தனக்கே என்று அர்ச்சுனன் பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பங்குனியில் மாயவனின் முக்கால் ஏக்கர் தக்காளி பூவும் பிஞ்சுமாக நின்றது. பத்து நாள் நல்ல தண்ணீர் பாய்ந்தால் பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குப் பெட்டி போகும். சேறு பாய்ந்தால் ஆட்டுக்குப் போகும்.

அதற்காகத்தான் அவர் முருகேஷ் கடைக்குப் போய் மனு எழுதச் சொன்னார். அங்கே ஏற்கெனவே அர்ச்சுனன் உட்கார்ந்து எதிர் மனு எழுதிக்கொண்டிருந்தார். முருகேஷுக்கும் அலுப்புதான். வருஷா வருஷம் அதே இரண்டு மனு. தேதியை மட்டும் மாற்றுவார்.

"சர்வர் வேலை செய்யலைங்க," என்றார் முருகேஷ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். திரையில் ஒரு கோட்டை எரிந்துகொண்டிருந்தது.

"இது என்னாது, செய்தியா?" என்றார் மாயவன்.

"கேமுங்க. தகடூர் முற்றுகை. ஆளுக்கு ஒரு ராஜாவ எடுத்துக்கிட்டு சண்ட போடணும். ஆள் எடுக்காத ராஜாவ எல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும்." முருகேஷ் ஒரு கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியின் நடுவில்தான் அவருக்கு யோசனை வந்தது. "ஒண்ணு செய்யுங்க. ரெண்டு பேரும் இதுல மோதிக்குங்க. செயிச்சவருக்கு மொத மொற. எனக்கும் மனு அடிக்கிற வேல மிச்சம்."

வேறு வருஷமாக இருந்தால் இரண்டு பேரும் எழுந்து போயிருப்பார்கள். அந்த வருஷம் எழுந்திருக்கத் தெம்பில்லை. ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

"மூத்தவன் நான். மொதல்ல நாந்தான் எடுப்பன்," என்றார் அர்ச்சுனன்.

"எடு. எப்பவும் நீதான எடுக்குற."

"அதியமான்! நம்மூரு ராசா. தகடூர்னா தருமபுரிதான தம்பி? எறங்கிப் போனா எனக்கு ஆளு இருக்குது."

இனி மாயவன் எடுக்க வேண்டும். மறுநாள் காலை வரை முருகேஷ் அவகாசம் கொடுத்தார். பட்டியலையும் அச்சடித்துக் கொடுத்தார். அதன்படி இருப்பதிலேயே பலமானவன் சேரன்: அறுநூறு யானை, எண்ணாயிரம் காலாள். அடுத்தது சோழன், அதற்கும் அடுத்தது பாண்டியன். கண்ணை மூடிக்கொண்டு சேரனை எடுங்க என்றார் முருகேஷ். டீக்கடையில் சொன்னார்கள், பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கண்டக்டர்கூடச் சொன்னார்.

வீட்டில் காவேரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அதியமான் மேல யானைய வுட்டவன் பொண்டாட்டின்னு நான் ரேசன் கடையில நிக்க மாட்டன். வேணும்னா நீங்க போயி அரிசி வாங்கிக்குங்க."

ரேஷன் கடை வரிசையை நினைத்ததும் மாயவனுக்கு இன்னும் அலுத்தது. இப்படி முடிவெடுக்க முடியாத விஷயத்துக்கு ஊரில் ஒரு வழி உண்டு. முனியப்பன் முன்னால் ஆட்டை நிறுத்தி, கேள்வியைச் சொல்லி, அதன் தலையில் தண்ணீர் தெளிப்பது. ஆடு உடம்பை உதறினால் சாமி சம்மதம். உதறாவிட்டால் வேறு கேள்வி கேட்க வேண்டும். சொந்த ஆட்டை நிறுத்தினால் அர்ச்சுனன் ஆட்டைப் பழக்கி வைத்ததாகச் சொல்வார். ஆகவே மாயவன் பக்கத்துத் தோட்டத்து லூர்தம்மாளிடம் போனார்.

"எங்க கெடாவா?" லூர்தம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தாராளமா ஓட்டிக்கிட்டுப் போங்க. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறவங்க வூட்டு ஆடு, அதுக்குச் சேரனும் ஒண்ணுதான் அதியமானும் ஒண்ணுதான். ஆனா கேட்டு முடிச்சதும் அப்பிடியே திருப்பி ஓட்டிவரணும். கொழம்போட வரக்கூடாது."

சேரன் பெயரைச் சொல்லி ஒரு சொம்பு தெளித்தார். ஆடு அவரைப் பார்த்தது. இன்னொரு சொம்பு. ஆடு வேறு பக்கம் பார்த்தது. சோழனுக்கு ஒரு குடம், பாண்டியனுக்கு ஒரு குடம். அதியமானையும் ஒரு மரியாதைக்குக் கேட்டுப் பார்த்தார். ஏழு குடம் காலியானது. இவ்வளவு தண்ணீர் தக்காளிக்குப் பாய்ந்திருந்தால் இரண்டு பாத்தி நனைந்திருக்கும் என்று காவேரி எண்ணிச் சொன்னாள். ஆடு நனைந்த மூட்டை போல நின்றது. அதற்கும் அலுத்திருக்க வேண்டும்.

பட்டியலின் கடைசி வரியில், பொடி எழுத்தில், இன்னொரு பெயர் இருந்தது. மாயவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்: "ஊரார்."

தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே ஆடு உதறியது. உதறிய வேகத்தில் முனியப்பனுக்கு வைத்த விளக்கு அணைந்து, காவேரிக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டது போல் ஆயிற்று.

மறுநாள் முருகேஷ் தலையில் அடித்துக்கொண்டார். "அது ஆடறதுக்கு இல்லீங்க. சும்மா அழகுக்கு வச்சிருக்கறது. இருவத்திரண்டு சனம், பதினோரு ஆடு, ஒரு கெணறு. படைன்னு ஒண்ணுமே கெடையாது."

"இருக்கட்டும். ஆடு சொல்லிருச்சு."

"சேரனோட அறுநூறு யானைய எத வச்சு நிறுத்துவீங்க?"

"நிறுத்தறது எதுக்கு? எனக்கு எந்திரிக்கவே முடியல," என்று மாயவன் நாற்காலியில் சாய்ந்தார்.

காலை பத்து மணிக்குப் போர் தொடங்கியது. பக்கத்து நாற்காலியில் அர்ச்சுனன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டைக் கதவுகளைச் சாத்தினார், மதில் மேல் வில்லாட்களை ஏற்றினார், ஒவ்வொரு அம்புக்கும் "போட்றா!" என்று கத்தினார். சேரன் கோட்டையைச் சுற்றி வளைத்தான். வேடிக்கை பார்க்க வந்த சோழனும் பாண்டியனும் ஆளுக்கொரு பக்கம் கூடாரம் போட்டார்கள். மாயவன் ஒன்றும் செய்யவில்லை. அவருடைய இருபத்திரண்டு பேரும் ஒன்றும் செய்யவில்லை. பதினோரு ஆடுகளும் மேய்ந்தன.

விளையாட்டிலும் அதே பங்குனி வெயில், அதே கிழமை; இருவரும் தினமும் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அர்ச்சுனனின் அகழி வற்றியது. சேரன் பக்கம் ஓடிய ஆறு மணலாயிற்று. நான்காம் நாள் மாயவனின் திரையில் சேரனின் தூதன் வந்து நின்றான். "எம் வேந்தர் உம் கிணற்று நீரை வேண்டுகிறார்," என்று கட்டத்துக்குள் எழுதியிருந்தது.

மாயவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினேழு வருஷத்தில் அவரிடம் யாரும் தண்ணீர் கேட்டதில்லை.

"இதுக்கு எப்பிடிப் பதில் சொல்றது, முருகேஷ்?"

"குடுக்கறன், இல்லேன்னு ரெண்டு பட்டன் இருக்குதுங்க. எந்தக் கெழமைன்னும் போடலாம்."

மாயவன் யோசித்து முறை வைத்தார். சேரனுக்குத் திங்கட்கிழமை. அதியமானுக்குச் செவ்வாய். சோழனுக்குப் புதன், பாண்டியனுக்கு வியாழன். வெள்ளிக்கிழமை கிணற்றுக்கு ஓய்வு. சனி, ஞாயிறு ஆடுகளுக்கு.

திங்கட்கிழமை அறுநூறு யானையும் வரிசையில் வந்து குடித்தன. அன்று முருகேஷின் கடையில் மூலையில் இருந்த இருபது லிட்டர் கேனில் பாதித் தண்ணீர் குறைந்தது. யாரும் டம்ளரை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அர்ச்சுனன் கத்தினார். "டேய் தம்பி! என்னாடா இது, எனக்குச் சேறு வருது!"

மாயவன் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "பதினேழு வருசமா எனக்கு அதான்ணா வருது."

அர்ச்சுனன் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டார். அன்று அதற்கப்புறம் அவர் ஓர் அம்பும் விடவில்லை.

பிறகு மனுக்கள் வரத் தொடங்கின. திங்கட்கிழமை தனக்கு வேண்டும் என்றான் சோழன். யானை குடித்த மறுநாள் யாருக்கும் முறை வைக்கக் கூடாது என்றான் பாண்டியன். படையில் தான் பெரியவன், ஆகவே தனக்கு இரண்டு நாள் என்றான் சேரன். திரை கொள்ளாமல் போகவே முருகேஷின் பிரிண்டர் தானாக அச்சடிக்க ஆரம்பித்தது. "ஐயா, வணக்கம். சேர நாட்டில் வசிக்கும் வேந்தனாகிய நான் தங்கள் மேலான கவனத்துக்குத் தெரிவித்துக்கொள்வது" என்று தொடங்கிய ஒரு மனுவை முருகேஷ் இரண்டு முறை படித்தார். வாசகம் அவருடையது. தேதி மட்டும்தான் வேறு.

மாயவன் எல்லா மனுவின் மேலும் "பார்வையிடப்பட்டது" என்று எழுதி அடுக்கி வைத்தார். அவர் மனுக்களுக்குத் தாலுகா ஆபீஸில் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பாண்டியன் கூடாரத்தைப் பிரித்தான். அன்று மாலைக்குள் சோழனும் கிளம்பினான். சேரன் கோட்டையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஒரு தூக்கம் போட்டால் தேவலாம் என்று முகத்தில் எழுதியிருந்தது. யானைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போயின. கோட்டைக்குள் அர்ச்சுனனின் ஆட்கள் ஆயுதத்தை வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரார் கிணற்றுக்கு வந்தார்கள். "வெற்றி: ஊரார்" என்று திரையில் வந்தது. முருகேஷ் அதுவரை அப்படி ஒரு வரியைப் பார்த்ததே இல்லை.

"செயிச்சிட்ட," என்றார் அர்ச்சுனன். "நாளையிலேருந்து மொத மொற உனக்கு. நான் பின்னாடி போட்டுக்கறன்."

மாயவன் மேசை மேல் இருந்த மனுக் கட்டைப் பார்த்தார். ஒரு வாரம் நாலு ராஜாவுக்கு முறை வைத்ததே முதுகை முறித்துவிட்டது. ஜெயித்தவன் என்று ஆகிவிட்டால் இனி ஆயுசுக்கும் மனு வாங்க வேண்டும்.

"வேணாம்ணா. ஒரு நாள் நீ மொதல்ல போடு, ஒரு நாள் நான் மொதல்ல போடறன். மனு படிக்க எனக்குத் தெம்பு இல்ல."

அர்ச்சுனன் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "இத மொதல் வருசமே சொல்லியிருக்கலாமே தம்பி."

"மொதல் மனுவுல அதான எழுதியிருந்தன். நீ படிச்சியா?"

"எவன் படிச்சான்."

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஊர் வரும் வரை தூங்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் காலை கரண்டு வந்ததும் மாயவனின் மோட்டார் ஓடியது. அதற்கு மறுநாள் அர்ச்சுனனுடையது. சித்திரையில் தக்காளி பாலக்கோட்டுக்குப் போனது. முதல் பெட்டியிலிருந்து நல்ல பழமாகப் பொறுக்கி லூர்தம்மாள் வீட்டு ஆட்டுக்குக் கொடுத்தார்கள். அது மோந்து பார்த்துவிட்டு உதறியது.

அந்தக் கிணற்றை நாலுவழிச் சாலைக்காக மண் கொட்டி மூடி ஒன்பது வருஷம் ஆகிறது; அது இருந்த இடத்தில் இப்போது சாலை நடுவே அரளி பூத்திருக்கிறது.